மூடுபனிக்குள் ஒரு கிதார்

(காரமடையில் வாசகர்கள் கூடிய ஒரு மாலை நேரக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு ராக் பாட்டு பிறந்த கதையையும் அது வாழ்ந்த கதையையும் பேசச் சொல்லிக் கேட்டார்கள். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, இங்கிலாந்துக்காரர் கதை ஏதோ வரப்போகிறது என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவர்களும் வருவார்கள், நடுவில். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பாட்டு மேட்டுப்பாளையம் போகிற தனியார் பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் காதில் விழுகிற பாட்டுங்க. 1980-இல் வந்த 'மூடுபனி' படத்தில் யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே'.

இது ராக் பாட்டா என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. நியாயமான கேள்விதான். எலெக்ட்ரிக் கிதாரின் அலறல் இதில் இல்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலிக்க வைக்கிற தாளம் இல்லை. ஆனால் ராக் பாட்டுகளுக்கெல்லாம் அரசன் என்று கொண்டாடப்படுகிற லெட் செப்பலினின் 'ஸ்டெர்வே டு ஹெவன்' எப்படித் தொடங்குகிறது? ஒற்றைக் கிதார், அதோடு மரக்குழலோசை. எட்டு நிமிஷப் பாட்டில் டிரம்ஸ் உள்ளே வரும்போது பாதிப் பாட்டு முடிந்திருக்கும். மேடையில் ஒருத்தன் கிதாரோடு தனியாக நின்று மனசைத் திறக்கிற வகைப் பாட்டு ராக் இசையில் ஒரு பெரிய கிளை. அந்தக் கிளையில் தமிழில் பூத்த பூக்களில் இதுதான் முதல் வரிசை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்க, டீ குடித்துக்கொண்டே சண்டை போடலாம்.

கிதார் தமிழ் சினிமாவுக்கு 1980-இல் வந்த விருந்தாளி அல்ல. நம் மாவட்டத்திலேயே பழைய சாட்சி இருக்கிறது. ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாற்றில் படமாக்கப்பட்ட படம். அதில் வேலை கேட்டு ரவிச்சந்திரன் முதலாளியைக் கலாய்க்கும் பாட்டை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். விஸ்வநாதன் – ராமமூர்த்தி போட்ட அந்த மெட்டு அசல் ராக் அண்ட் ரோல். படம் வெளிவந்தது 1964 பிப்ரவரி. அதே பிப்ரவரியில்தான் பீட்டில்ஸ் பையன்கள் நால்வரும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாகத் தோன்றி அந்த நாட்டையே ஆட்டிவைத்தார்கள். உலகம் ஆடிய ஆட்டத்தை நம் ஆழியாற்றங்கரையும் அதே மாதத்தில் ஆடியிருக்கிறது. யாரும் யாரையும் பார்த்து ஆடவில்லை.

ஆனால் அன்றைக்குக் கிதார் கேலிக்கும் கும்மாளத்துக்கும்தான். இளைஞன் என்றால் கிதார், கல்லூரி என்றால் கிதார், கிளப் டான்ஸ் என்றால் கிதார். துக்கத்துக்கும் ஏக்கத்துக்கும் வீணையும் வயலினும் சிதாரும் இருந்தன. தனிமையில் இருக்கிற ஒருவனின் உள்குரலாகக் கிதாரைப் பேசவைக்க, கிதாரைத் தன் வயிற்றுப்பாட்டுக்கு வாசித்த ஒருவர் வரவேண்டியிருந்தது.

பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் கதை உங்களுக்குத் தெரியும். அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடிய தம்பிகள் சென்னைக்கு வந்தார்கள். ராசய்யாவாக இருந்த இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வை எழுதித் தேறினார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். சலீல் சௌத்ரிக்குக் கிதார் வாசித்தார். 'அன்னக்கிளி' என்ற கிராமத்துப் படத்தில் 1976-இல் அறிமுகமானதால் அவரை நாட்டுப்புற மெட்டுக்காரர் என்று ஒரு பெட்டிக்குள் போட்டுவைத்தார்கள். அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்த பாட்டுகளில் இது ஒன்று. 'மூடுபனி' அவருக்கு 100-ஆவது படம். அன்னக்கிளியிலிருந்து நாலரை வருஷத்துக்குள் நூறு. கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு படம் வரும். அந்த ஓட்டத்துக்கு நடுவில் இப்படி ஒரு நிதானமான பாட்டு.

படத்தின் இயக்குநர் பாலு மகேந்திரா. மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். கன்னடத்தில் 'கோகிலா', தமிழில் 'அழியாத கோலங்கள்', மூன்றாவதாக 'மூடுபனி'. 'அழியாத கோலங்கள்' படத்துக்கு இசை சலீல் சௌத்ரி. ராஜா யாருக்குக் கிதார் வாசித்தாரோ அவருடைய இடத்தில், அடுத்த படத்துக்கு ராஜாவே வந்து உட்கார்ந்தார். அதன்பிறகு பாலு மகேந்திராவின் பெரும்பாலான தமிழ்ப் படங்களுக்கு அவர்தான் இசை.

கதை ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' நாவலைத் தழுவியது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' நிழலும் அதன்மேல் விழுந்திருக்கிறது. அப்பாவால் அம்மா படுகிற சித்திரவதையைப் பார்த்து வளர்ந்த பையன் சந்துரு. பெரியவனானதும் பாலியல் தொழில் செய்யும் பெண்களைக் கொல்கிறான். ரேகா என்ற பெண்ணிடம் அவனுக்குத் தன் அம்மாவின் சாயல் தெரிகிறது. அவளைக் கடத்திக்கொண்டு ஊட்டியில் ஒரு வீட்டில் அடைத்துவைக்கிறான்.

கோயமுத்தூரிலிருந்து அந்த மலைக்கு ஏறுகிற நெடுஞ்சாலை இந்தக் காரமடையைத் தொட்டுத்தான் போகிறது. சந்துருவாக நடித்த பிரதாப் போத்தன் பள்ளிப்படிப்பு படித்ததே ஊட்டி லவ்டேலில், லாரன்ஸ் பள்ளியில். மலையின் பனியும் இருட்டும் அவருக்கு நடிப்புக்காகப் படித்துக்கொண்ட பாடம் அல்ல. ரேகாவாக நடித்த ஷோபா படம் வெளிவருவதைப் பார்க்கவில்லை. 'பசி'க்காகத் தேசிய விருது பெற்ற அந்தப் பெண் 1980 மே 1 அன்று இறந்துபோனார். படம் அந்த வருஷத் தீபாவளிக்கு வந்தது. அந்த முகத்தைத் திரையில் பார்த்தவர்களுக்கு பாட்டு வேறுவிதமாகத்தான் கேட்டிருக்கும்.

இப்போது பாட்டு வருகிற இடத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் கவனியுங்கள். கொலைகாரன் கிதாரை எடுத்துக்கொண்டு, தான் கடத்திவந்த பெண்ணுக்குப் பாடுகிறான். தப்பிக்க வழி தெரியாதவள் எதிரில் இருக்கிறாள். கங்கை அமரன் எழுதியது நிலாவையும் கனவையும் நினைவையும் பற்றிய வரிகள். அந்த வரிகளில் கத்தியும் இல்லை, பூட்டும் இல்லை. யேசுதாஸின் குரலில் துளி விஷமும் இல்லை. பாடுகிறவன் தன்னைக் காதலன் என்றே நம்புகிறான், அதனால் பாட்டும் அவனை நம்புகிறது. ஒரு சாதாரண இசையமைப்பாளர் இந்த இடத்தில் பின்னணியில் ஒரு அபசுரத்தையாவது வைத்து, 'ஜாக்கிரதை, இவன் கெட்டவன்' என்று நமக்குக் கண் காட்டியிருப்பார். ராஜா அதைச் செய்யவில்லை. பார்க்கிறவனுக்கு வயிற்றைக் கலக்குவது அதனால்தான்.

நாற்பத்தைந்து வருஷமாக இந்தப் பாட்டைக் கல்யாண வரவேற்பில் பாடுகிறார்கள். காதலித்துக் கட்டிக்கொண்ட ஜோடிக்கு நேயர் விருப்பமாகப் போடுகிறார்கள். குழந்தையைத் தூங்கவைக்கப் பாடுகிறவர்களும் உண்டு. காட்சியைப் பார்த்திருந்தால் மாப்பிள்ளை வீட்டார் மேடையிலேயே மைக்கைப் பிடுங்கியிருப்பார்கள்! இதில் நம் ஆட்கள் மட்டும் ஏமாளிகள் என்று நினைக்க வேண்டாம். 1983-இல் 'தி போலீஸ்' என்ற ஆங்கிலக் குழு 'எவ்ரி பிரெத் யூ டேக்' என்று ஒரு பாட்டுப் போட்டது. பிரிந்துபோன ஒருத்தியின் ஒவ்வொரு அசைவையும் வேவு பார்க்கிறவனின் பாட்டு அது. எழுதிய ஸ்டிங்கே இது பயங்கரமான பாட்டு என்று பலமுறை சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள்? அங்கேயும் கல்யாணத்தில்தான் போடுகிறார்கள்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தவறு கேட்கிறவர்கள்மேல் இல்லை. படத்திலிருந்து கழன்று வெளியே வரத் தெரிந்த பாட்டுதான் படத்தைவிட நீண்ட நாள் வாழும். 'மூடுபனி'யை இன்றைக்கு முழுசாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த அவையில் கை தூக்கச் சொன்னால் எனக்கே சங்கடமாகிவிடும். பாட்டுக்குக் கை தூக்கச் சொன்னால் அரங்கம் பூராவும் தூக்கும்.

அது எப்படிக் கழன்று வந்தது என்பதற்குப் பாட்டுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. மெட்டு நடபைரவியில் ஓடுகிறது. ராகம் என்றதும் பயப்பட வேண்டாம். ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டையைத் தொடாமல் வெள்ளைக் கட்டைகளை மட்டும் 'ஏ' என்கிற இடத்திலிருந்து அடுத்த 'ஏ' வரை வரிசையாக அழுத்தினால் வருவது நடபைரவி. இருபதாவது மேளகர்த்தா. மேற்கே அதை இயல்பான மைனர் ஸ்கேல் என்பார்கள். 'ஸ்டெர்வே'யின் தொடக்கமும் ஏ மைனரில்தான். உலகத்தில் கிதார் கற்கிற பிள்ளைகள் முதல் மாதத்தில் பிடிக்கப் பழகுகிற கார்டுகளில் அதுவும் ஒன்று. ராகம் நம்முடையது, ஸ்கேல் அவர்களுடையது, விரலுக்கு இரண்டும் ஒன்று. கச்சேரி கேட்டு வளர்ந்தவருக்கும் பழக்கமாகப் படுகிறது, கல்லூரி விடுதியில் கிதார் தட்டுகிறவனுக்கும் கைக்கு வருகிறது.

அப்புறம் அந்த வலது கை வேலை. கிதாரின் ஆறு கம்பிகளில் தடித்த மூன்றைக் கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும். மெல்லிய மூன்றுக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், ஆளுக்கு ஒன்று. இடது கை கார்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க, வலது கை அதை ஒரே வீச்சில் அடித்துவிடாமல் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து உதிர்க்கும். ஆர்பெஜியோ என்பார்கள். சாமந்தியை இதழ் இதழாகக் கிள்ளிப் போடுவது போல. மொத்தமாக அடித்தால் கும்மாளம். பிரித்து உதிர்த்தால் தனிமை. ஒரே கார்டுதான். ஆழியாற்றிலிருந்து ஊட்டிக்குக் கிதார் போன தூரம் இவ்வளவுதான் என்றும் சொல்லலாம்.

பாடலில் சொல் ஓய்ந்துபோய் வெறும் தத்தகாரமாக வருகிற இடம் ஒன்று உண்டு. நம் பக்கத்து இன்னிசைக் கச்சேரிகளில் அந்த இடம் வரும்போது கூட்டத்தைக் கவனியுங்கள். மாரியம்மன் கோயில் பூச்சாட்டானாலும் சரி, மாசி மகத் தேர் முடிந்த இரவானாலும் சரி, அதுவரை கடலைப் பொட்டலத்தோடு பேசிக்கொண்டிருந்தவர்கூட அந்த இடத்தில் பாடகரோடு சேர்ந்துகொள்வார். வரி தெரியாதவனுக்கும் அந்த இடத்தில் பங்கு உண்டு. ராக் கச்சேரிகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிற இடங்கள் எதை நம்பி வைக்கப்படுகின்றனவோ, அதே நம்பிக்கைதான்.

பின்னால் கிதார் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தம்பிகள் பையில் என்ன கிதார் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் தலைமுறையில் வசதி குறைந்தவன் கையில் இருந்தது கல்கத்தாவில் செய்த கிவ்சன். கிப்சன் இல்லைங்க, கிவ்சன்! அமெரிக்கக் கிப்சனின் விலையில் நம் ஊரில் தோட்டமே வாங்கலாம். கிவ்சனில் எஃகுக் கம்பி விரல் நுனியை அறுக்கும். பத்து நாளில் தோல் காய்த்துவிடும். எஃப் கார்டு வரும்போது ஆள்காட்டி விரல் ஒன்றையே பல கம்பிகளின்மேல் படுக்கப்போட்டு அழுத்த வேண்டும், அங்கேதான் பாதிப் பேர் கிதாரை விற்றுவிடுவார்கள். தாண்டியவர்கள் வாசிக்கத் துடிக்கிற முதல் தமிழ்ப் பாட்டுகளில் ஒன்று இது. 1992-இல் வந்த 'வெய்ன்ஸ் வோர்ல்டு' என்ற ஹாலிவுட் படத்தில், கிதார் கடையில் 'ஸ்டெர்வே வாசிக்கக் கூடாது' என்று பலகை மாட்டியிருப்பதாக ஒரு நகைச்சுவை. கடைக்கு வருகிறவனெல்லாம் அதையே வாசித்துக் கடைக்காரர் உயிரை எடுக்கிறானாம். கோயமுத்தூரில் வாத்தியக் கடை வைத்திருப்பவர்கள் எந்தப் பாட்டுக்குப் பலகை மாட்ட வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி வழக்கு. பாட்டு பழசாகிப் பணம் காய்க்கத் தொடங்கினால் பங்காளிச் சண்டை வராமல் இருக்குமா?

2025 ஜனவரியில் இந்தப் பாட்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேல்ஸ் நிறுவனம் தயாரித்த 'அகத்தியா' படத்தில் யுவன் சங்கர் ராஜா இசையில் இதைப் புதிதாக்கிச் சேர்த்திருந்தார்கள். இளையராஜாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம் என்றது வேல்ஸ். அப்பாவின் மெட்டு, மகனின் இசை. வீட்டுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் மாதிரித்தான் வெளியில் தெரிந்தது. சரிகம நிறுவனம் குறுக்கே வந்தது. 1980-இலேயே 'மூடுபனி'யின் தயாரிப்பாளரான ராஜா சினி ஆர்ட்ஸ் பாட்டுகளின் உரிமையை எங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது, நாங்கள்தான் அன்றைய கிராமபோன் கம்பெனி என்றது. நீதிமன்றம் முதல் பார்வையில் சரிகம பக்கம் நின்றது. படத்துக்காகக் கூலி கொடுத்து உருவாக்கப்பட்ட பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது இசையமைப்பாளர் அதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. படம் வெளியாகும் தறுவாயில் இருந்ததால், 30 லட்சம் ரூபாயை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுப் பாட்டைப் பயன்படுத்திக்கொள்ள இடைக்கால உத்தரவு கிடைத்தது.

சட்டத்தின் வேர் 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் இருக்கிறது. 1977-இல் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர்தான் முதல் உரிமையாளர் என்று சொல்லிவிட்டது. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் எழுதிக்கொடுத்தாலும் போகாத ராயல்டி உரிமை 2012 திருத்தத்தில்தான் வந்தது. சரி, தயாரிப்பாளருக்குச் சட்டம் இருக்கிறது, கம்பெனிக்குப் பத்திரம் இருக்கிறது, மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் தாமதமாகவேனும் ஒரு திருத்தம் இருக்கிறது. பாட்டின் முதல் நொடியில் நம் காதில் விழுகிறதே கிதார், அதை வாசித்த கை?

இசைக்குழுக்காரர்களைக் கேட்டால் ஆர். சந்திரசேகர் என்பார்கள். ராஜாவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிதார் என்றால் சதானந்தம் மாஸ்டர், சந்திரசேகர். டிரம்ஸ் என்றால் சந்திரசேகரின் சகோதரர் புருஷோத்தமன். கீபோர்டு என்றால் விஜி மானுவல். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் காதை வளர்த்தவர்கள் இவர்கள். இசைத்தட்டின் உறையில் படத்தின் பெயர் இருக்கும், இசை இருக்கும், பாடல் இருக்கும், பாடியவர் இருக்கும். வாசித்தவர் இருக்க மாட்டார்.

மெட்டு ராஜாவுடையது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்வரக் குறிப்பைத் தன் கையால் எழுதிக் கொடுக்கிறவர். ஆனாலும் தாளில் இருப்பது புள்ளிதான். கட்டைவிரல் கம்பியில் எவ்வளவு நேரம் தங்கியது, எந்த இடத்தில் கொஞ்சம் பின்தங்கிச் சேர்ந்தது என்பதைத் தாள் எழுதாது. அதைத்தான் பிள்ளைகள் ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பச் சுற்றி, காதால் கேட்டுக் கற்றார்கள். கற்றது அந்தக் கையிடம். பெயர் தெரியாத ஆசிரியரிடம்.

வெள்ளைக்காரர்கள் இதில் நம்மைவிட ஒழுங்கு என்று நினைத்தால், 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' கதையைக் கேளுங்கள். யார் எழுதியது என்று தெரியாத அமெரிக்க நாட்டுப்பாடல் அது. 1964 மே மாதத்தில் 'தி அனிமல்ஸ்' என்ற ஐந்து பேர் குழு லண்டனில் ஒரே வாசிப்பில் அதை ஒலிப்பதிவு செய்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம். அந்தப் பாட்டை உலகம் அடையாளம் கண்டுகொள்வது ஹில்டன் வாலன்டைன் கிதாரில் பிரித்து உதிர்த்த அந்தத் தொடக்கத்தால்தான். இன்றைக்கும் ஆர்பெஜியோ பாடம் என்றால் அதுதான் பாலபாடம். இசைத்தட்டில் பாட்டை அமைத்தவர் என்று அச்சானது ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸ் ஒருவர் பெயர். ஐந்து பெயருக்கும் லேபிளில் இடம் போதவில்லை, ஒரு பெயர் போதும் என்று சொல்லிவிட்டார்கள் என்று குழுவிலிருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். இடம் போதாமல் போன நாலு பேருக்கு ராயல்டியும் போனது. 2021-இல் வாலன்டைன் இறந்தபோது இரங்கல் குறிப்புகள் அந்தத் தொடக்கத்தைத்தான் நினைவுகூர்ந்தன.

முன்னே சொன்ன வேவு பார்க்கிறவன் பாட்டிலும் இதே கதை. அதன் உயிரான கிதார் ஆண்டி சம்மர்ஸ் வாசித்தது. எழுதியவர் என்று பதிவானது ஸ்டிங் மட்டும். 1997-இல் அந்தக் கிதாரை அப்படியே எடுத்துப் புதுப் பாட்டு ஒன்று கட்டி உலகம் முழுக்க விற்றார்கள். எழுதியவருக்கான பணம் ஸ்டிங்குக்கு. குழுவினர் 2025-இல் லண்டனில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். 'ஸ்டெர்வே' வழக்கு இன்னும் விசித்திரம். 'ஸ்பிரிட்' குழுவின் ராண்டி கலிபோர்னியா வாசித்த 'டாரஸ்' என்ற கிதார் இசையிலிருந்து அதன் தொடக்கம் திருடப்பட்டது என்று வழக்கு. 2016-இல் லாஸ் ஏஞ்சலஸில் விசாரணை. ஒப்பிட்டுப் பார்க்க ஜூரிகளுக்கு டாரஸின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டவில்லை! பழைய சட்டப்படி பதிவு அலுவலகத்தில் கொடுத்த தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் படைப்பு. வாசிப்பு கணக்கில் வராது. லெட் செப்பலின் ஜெயித்தது. 2020-இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. தீர்ப்பு சரியாகவே இருக்கலாம், மைனர் கார்டில் படிப்படியாக இறங்குகிற வரிசை யார் வீட்டுச் சொத்தும் அல்ல. ஆனால் கிதார் வழக்கைக் கிதாரைக் கேட்காமல் தீர்த்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

நம் சட்டம் இந்த விஷயத்தில் சற்று மேல் என்றே சொல்ல வேண்டும். 1994 திருத்தத்தில் நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை வந்தது. வாத்தியக்காரரும் அதில் அடக்கம். 2012-இல் அது வலுவானது. இது என் நிகழ்த்தல் என்று பெயர் சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு, பங்குக்கும் இடம் உண்டு. ஆனால் அதே 2012 திருத்தத்தில் ஒரு வாசல் வைத்தார்கள். சினிமாவில் ஒருவர் செய்தது போகிற போக்கிலான சிறு பங்காக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்குமே போடப்படாமலும் இருந்தால், தன் நிகழ்த்தல் சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமை தவிர மற்றவற்றுக்கு அவர் நிகழ்த்துநர் ஆகமாட்டார். எது சிறு பங்கு என்று யார் அளப்பது? ஒரு பாட்டின் முதல் பத்து நொடி சிறுசா பெருசா? அளக்கத் தெரியாத இடத்தில், பெயர் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் கடைசியில் பார்ப்பார்கள். பெயர் போடாமல் விடுகிற பழக்கமே பெயர் இல்லாதவனுக்கு எதிரான ஆதாரமாகிவிடும்.

இதை டெல்லியில் போய்ச் சரிசெய்ய நம்மால் ஆகாது. காரமடையிலும் சிறுமுகையிலும் மேட்டுப்பாளையத்திலும் மேடை போடுகிறவர்களால் ஒன்று ஆகும். கச்சேரிக்கு நோட்டீஸ் அடிக்கிறீர்கள். பாடுகிறவர் படம் பெரிதாக இருக்கிறது, நன்கொடை கொடுத்த அரிசி மண்டிக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ரிதம் பேட், தபேலா, கீபோர்டு, கிதார் என்று அடியில் நாலு வரி சேர்த்து வாசிக்கிறவர்கள் பெயரையும் போடுங்கள். அறிவிப்பாளர் பாட்டைச் சொல்லும்போது இசை யார், வரி யாருடையது, பாடியது யார் என்பதோடு, தெரிந்தால் மூலப் பாட்டில் வாசித்தவர் பெயரையும் சொல்லட்டும். யூடியூபில் போடுகிற தம்பிகளே, தலைப்புக்குக் கீழே எழுத உங்களுக்கு இடம் போதாமல் போவதில்லை. ஐந்து பெயரும் அதில் அடங்கும். இந்த வருஷ மாசித் தேருக்கு அடிக்கிற நோட்டீஸிலிருந்தே தொடங்குங்கள்.